மூன்றாம் பக்கம்: வெளிநாட்டில் கூடைப்பந்து ஆடப்போய் நான் இழந்ததும் கற்றதும்

போன மாதம் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் போன் செய்தான். இருபத்திரண்டு வயது, நல்ல உயரம், இரண்டு கையாலும் சமமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவான். "அண்ணே, வெளிநாட்டு கிளப் ஒண்ணு கூப்பிடுது. ஏஜென்ட் எல்லாம் பேசிட்டாரு. டிக்கெட் போடச் சொல்றாங்க. போகலாமாண்ணே?" என்றான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படிக் கிளம்பியவன்தான். "ஒப்பந்தத்தை அனுப்பு, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. 2016ல் எனக்கு நடந்ததை அவனுக்கு முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும், வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். நான் போன கிளப்பின் பெயரும் நாட்டின் பெயரும் இதில் இருக்காது. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ஒரு சின்ன நாடு அது. நாட்டைச் சொன்னாலே கிளப் எதுவென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் தேனி மாவட்டத்துக்காரன். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. கேலரியின் மேல் வரிசையில் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் கடற்படை அணியும், ஐ.ஓ.பி.யும், ஐ.சி.எஃப்.பும் ஆடுவதைப் பார்த்துவிட்டு நடு ராத்திரி வீட்டுக்குப் போவோம். பள்ளியில் எங்கள் பி.டி. மாஸ்டர் என் கையில் பந்தைக் கொடுத்தபோது ஏழாம் வகுப்பு. அப்புறம் கல்லூரி, மாநில அணி, 2010ல் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை. 2014லும் 2015லும் சம்பளமில்லா விடுப்பு போட்டு மாலத்தீவில் இரண்டு தடவை ஆடினேன். அங்கே எனக்கு ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. மாலேயில் போய் இறங்கினேன், ஆடினேன், கடைசி மேட்ச் முடிந்த மறுநாள் பேசிய பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அந்த நல்ல அனுபவம்தான் என்னைக் கெடுத்தது. வாய்ச்சொல் போதும், ஆட்டக்காரனை யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்று நம்பிவிட்டேன்.

2015 ஜூனில் சத்நாம் சிங்கை, அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வின் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 52வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வானது அதுதான் முதல் தடவை. எங்கள் வாட்ஸ்அப் குரூப் ஒரு வாரம் தூங்கவில்லை. எனக்கு அப்போது 27 வயது. என்.பி.ஏ. கனவெல்லாம் கிடையாது, ஆனால் ஐரோப்பாவில் எங்காவது ஒரு சீசனாவது ஆடிவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான் ஃபேஸ்புக் வழியாக ஒரு ஏஜென்ட் அறிமுகமானார். என் வீடியோவைப் பார்த்தார், புகழ்ந்தார், மூன்றே வாரத்தில் கிளப் கிடைத்துவிட்டது என்றார். பதிவுக் கட்டணம், பேப்பர் செலவு என்று 60,000 ரூபாய் கேட்டார். அனுப்பினேன். இங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். சர்வதேச இடமாற்றங்களைக் கையாளும் ஏஜென்டுகளுக்கு, சர்வதேச கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிறது. அந்தப் பட்டியல் ஃபிபா இணையதளத்திலேயே இருக்கிறது, பெயரைப் போட்டுத் தேட ஐந்து நிமிடம் ஆகாது. ஏஜென்டின் பங்கு சம்பளத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஐரோப்பாவில் பெரும்பாலும் அதையும் கிளப்பே கட்டிவிடும். ஆட்டக்காரன் ஒரு பைசா சம்பாதிக்கும் முன்பே அவனிடம் பணம் கேட்கிறவர் ஏஜென்டே இல்லை. நான் தேடிப் பார்த்தபோது அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தேடியது ஊருக்குத் திரும்பி வந்த பிறகு.

எட்டு மாத விடுப்புக்கு அலுவலகத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை எழுதிக் கொடுத்தேன். அம்மா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள், "உத்தியோகம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு பந்தைத் தூக்கிட்டுப் போறியேப்பா" என்று மட்டும் சொன்னாள். அந்த முடிவைப் பற்றி இன்றுவரை வருத்தம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. போனதற்காக வருத்தம் இல்லை. மேலதிகாரி ஒரு தடவை தலையை ஆட்டியதுமே விட்டுவிட்டேனே என்பதற்காகத்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பார்ப்பவர்கள் விடுப்பு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள், மாநில சங்கத்திடமும் ஒரு கடிதம் கேளுங்கள். அதன் பிறகும் முடியாது என்றால் அப்போது ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம்.

2016 செப்டம்பர் 11ஆம் தேதி போய் இறங்கினேன். விமான நிலையத்துக்குக் கிளப் மேனேஜர் காரோடு வந்திருந்தார். இரண்டு மணி நேரப் பயணம், மலைப்பாதை, எங்கள் கொடைக்கானல் ரோடு மாதிரி வளைவுகள். நேராகக் கிளப் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணாடி அலமாரியில் பழைய கோப்பைகள், மேஜையில் சின்னக் கோப்பையில் அடர்த்தியான காபி. ஒப்பந்தம் தயாராக இருந்தது. ஆங்கிலப் பிரதி இரண்டு பக்கம். மாதம் 1,200 யூரோ, வரி போகக் கையில் வருவது, எட்டு மாதம், வீடு, இரண்டு வேளைச் சாப்பாடு, போக வர டிக்கெட். எல்லாம் பேசியபடியே இருந்தது. பக்கத்தில் அவர்கள் மொழிப் பிரதி. அதில் மூன்று பக்கம். இதில் ஏன் ஒரு பக்கம் கூடுதல் என்று கேட்டேன். "வழக்கமான வரிகள்தான், எல்லாருக்கும் உள்ளது" என்று மேனேஜர் சிரித்தார். பத்தொன்பது மணி நேரம் பயணம் செய்த களைப்பு. கையெழுத்து போட்டேன், இரண்டு பிரதியிலும், எல்லாப் பக்கத்திலும்.

அந்த மூன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள மூன்று மாதம் ஆனது. அணியில் ஆங்கிலம் தெரிந்த ஒரு பையன் கடைசியில் படித்துச் சொன்னான். கிளப் விரும்பும் எந்த நேரத்திலும் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம். தகுதியில்லை என்று வந்தால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. தகராறு ஏற்பட்டால் அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்கு. மொழிகளுக்குள் வேறுபாடு வந்தால் அவர்கள் மொழிப் பிரதிதான் செல்லும். நாலே வரி. ஆங்கிலப் பிரதியில் நான் படித்த இரண்டு பக்கத்தையும் இந்த நாலு வரி அழித்துவிட்டது.

நல்ல ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும். வந்து இறங்கி இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும், பரிசோதனை செய்யாமல் பயிற்சியில் இறக்கினாலே தேர்ச்சி பெற்றதாக அர்த்தம் என்று எழுதியிருக்க வேண்டும். அதற்கு அப்புறம் ஆட்டத்தில் அடிபட்டால் சம்பளமும் சிகிச்சையும் கிளப் பொறுப்பு. சம்பளம் இத்தனை நாள் தாமதமானால் ஆட மறுக்கலாம், இன்னும் இத்தனை நாள் போனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மீதி முழுவதையும் கேட்கலாம் என்று நாள் கணக்கு இருக்க வேண்டும். இதையெல்லாம் கையெழுத்து போடும் மேஜையில் உட்கார்ந்து கேட்க முடியாது. அந்த நேரத்தில் ஊர் புதிது, மொழி புதிது, திரும்பி வர டிக்கெட் அவர்கள் கையில். வீட்டில் இருக்கும்போதே, பிளேன் ஏறும் முன்பே, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முதல் இரண்டு மாதம் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள். ஆறடி நாலு அங்குலம் இருக்கும் நான் இந்தியாவில் ஃபார்வர்ட், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமானவன். அங்கே பதினெட்டு வயதுப் பையன்களே என்னைவிட உயரம், என்னை வெளியே நின்று பந்தை நடத்தும் கார்ட் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பந்தை வாங்கும் முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கோச் விசிலை ஊதி ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். நான் அதுவரை ஆடியது வேறு ஆட்டம் என்று புரிந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரன் என்றால் உள்ளூர்க்காரர்களைவிட இரண்டு மடங்கு செய்ய வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். என்னோடு வந்த அமெரிக்கப் பையன் இரண்டு மேட்ச் சரியாக ஆடவில்லை, மூன்றாம் வாரம் அவன் அறை காலியாக இருந்தது. நான் பிழைத்தேன். அக்டோபரில் ஒரு மேட்சில் 17 பாயின்ட் எடுத்தபோது ஹாலில் இருந்த முந்நூறு பேரும் என் பெயரைத் தப்பும் தவறுமாகக் கத்தினார்கள். காலையில் புரெக் என்ற அந்த ஊர்ப் பலகாரம் விற்கும் கடைக்காரர் காசு வாங்க மறுத்தார்.

செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 10ஆம் தேதி வந்தது. ரொக்கமாக, உறையில், ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. அக்டோபர் சம்பளத்தில் பாதி மட்டும் நவம்பர் 20ல் வந்தது. கேட்டால், நகராட்சிப் பணம் வரவில்லை என்றார்கள். அது பொய்யும் இல்லை. அந்தப் பகுதியின் சின்ன கிளப்கள் பல நகராட்சி ஒதுக்கீட்டை நம்பித்தான் ஓடுகின்றன. மேட்ச் டிக்கெட் காசு பந்து வாங்கக்கூடப் போதாது. கவுன்சில் கை மாறினால், பட்ஜெட் தள்ளிப்போனால், முதலில் நிற்பது ஆட்டக்காரன் சம்பளம். ஒரு கிளப்புக்குப் போகும் முன், அங்கே போன வருடம் ஆடிய வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்: கடைசி மாதச் சம்பளம் வந்ததா? இந்த ஒரு கேள்வி போதும். பதில் சொல்லாதவர்களே கிடையாது, ஏனென்றால் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கிறது. சம்பளம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்பதற்கு என் கையில் ஒரு சீட்டு கூட இல்லை, அந்த நோட்டு அவர்களிடம்தான் இருந்தது.

நவம்பர் 26, சனிக்கிழமை. இரண்டாம் பாதி. கூடையில் பட்டுத் திரும்பிய பந்துக்குக் குதித்து இறங்கும்போது இன்னொருவன் பாதத்தின் மேல் வலது கால் விழுந்தது. முழங்காலுக்குள் ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்க 150 யூரோ, நான்தான் கட்டினேன். மூட்டுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்திருந்தது. புறப்படும் முன் எடுத்த பயணக் காப்பீட்டைப் பெரிய தைரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பணத்துக்காக ஆடும் விளையாட்டில் படும் காயத்துக்குக் காப்பீடு கிடையாது என்று அதிலேயே சின்ன எழுத்தில் இருந்தது. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கிளப் டாக்டர் என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு தாளில் எழுதினார். புதன்கிழமை மேனேஜர் அந்த மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்.

இன்னொரு கத்தியும் தலைக்கு மேல் தொங்கியது. நான் போனது குறுகிய கால விசாவில். குடியிருப்பு அனுமதி இங்கே வந்ததும் எடுத்துத் தருகிறோம் என்றார்கள், எடுக்கவில்லை. டிசம்பர் 9ஆம் தேதியோடு அந்த விசாவின் 90 நாள் முடிகிறது. போலீசுக்கோ வக்கீலிடமோ போனால் முதல் கேள்வி என் மேல்தான் வரும். ஊருக்குப் போன் செய்தால் அங்கே வேறு நெருக்கடி. பழைய 500, 1000 ரூபாய் செல்லாது என்று அறிவித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அப்பா காலையில் போய் வங்கி வரிசையில் நின்று மத்தியானம் வெறுங்கையோடு வருகிறார். அம்மா வளையலை அடகு வைக்கலாம் என்றால் ரொக்கமாகக் கொடுக்கக் கடையில் பணம் இல்லை. கடைசியில் பெங்களூரில் இருக்கும் கல்லூரி நண்பன் தன் கார்டில் 42,000 ரூபாய்க்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். திரும்பும் டிக்கெட் ஒப்பந்தப்படி கிளப்பின் பொறுப்பு. ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். 1,000 யூரோ ஒரு உறையில். கூடவே ஒரு தாள்: இனி எந்தப் பாக்கியும் இல்லை, எந்த உரிமையும் கோர மாட்டேன். இதில் கையெழுத்து போடாவிட்டால் உனக்கு லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் கிடைக்காது, நீ வேறு எந்த நாட்டிலும், உன் நாட்டிலும்கூட ஆட முடியாது என்றார். நாடு விட்டு நாடு மாறி ஆட அந்தக் கடிதம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியாது. ஒரு காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து கையெழுத்து போட்டேன். அவர் பேனாவைத் திரும்ப வாங்கி மூடியை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கொடுப்பது கிளப் இல்லை, அந்த நாட்டு கூட்டமைப்பு. கேட்ட 7 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரன் இன்னும் ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டிருந்தால் மட்டுமே மறுக்க முடியும். ஒப்பந்தத்தை முறித்ததே அவர்கள்தான், அப்புறம் எதைக் காட்டி மறுத்திருப்பார்கள்? இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்தத் தாளில் என் கையெழுத்து விழுந்திருக்காது.

டிசம்பர் 9ஆம் தேதி சென்னையில் இறங்கினேன். ஜெயலலிதா இறந்து நாலு நாள். கோயம்பேடு வரும் வழியெல்லாம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். பெரியகுளம் பஸ்ஸில் கால் நீட்ட இடம் வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டபோது, "ஆக்சிடென்ட்டா தம்பி?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கணக்கை அப்படியே சொல்கிறேன். ஒப்பந்தப்படி 9,600 யூரோ, கையில் வந்தது எல்லாம் சேர்த்து 2,800. மீதி 6,800 யூரோ அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 4,90,000 ரூபாய். ஏஜென்டுக்கு 60,000, டிக்கெட் 42,000, எம்.ஆர்.ஐ. 11,000, கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சைக்கு 1,85,000. மொத்தம் 7,88,000. வேலை போனது இதில் சேரவில்லை. திரும்ப ஆடுகளத்தில் இறங்க 14 மாதம் ஆனது. அதில் முதல் சில மாதம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மே மாதப் போட்டி நடக்கும்போது மைக் சத்தம் வீடு வரை கேட்டது, ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அடிபட்ட ஆட்டக்காரர்கள் வீட்டில் இருந்தால் இந்த நாட்களில் அவர்களைத் தனியாக விடாதீர்கள். என்னை வெளியே இழுத்து வந்தது எங்கள் பி.டி. மாஸ்டர். தினமும் சாயங்காலம் வருவார், ஒன்றும் கேட்க மாட்டார், சைக்கிளை நிறுத்திவிட்டு என்னோடு தெருக்கோடி வரை நடப்பார்.

அந்த வீட்டுச் சிறையில்தான் உட்கார்ந்து படித்தேன். ஃபிபா 2007ல் தொடங்கிய ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது, பாஸ்கெட்பால் ஆர்பிட்ரல் டிரிப்யூனல், சுருக்கமாக பி.ஏ.டி. ஆட்டக்காரர்கள், கோச்சுகள், ஏஜென்டுகள், கிளப்கள் இவர்களுக்குள் வரும் பணத் தகராறுகளை அது தீர்க்கிறது. அமர்வு இடம் ஜெனீவா. எந்த நாட்டுச் சட்டம் என்று குழம்பாமல், ஒரே நடுவர் நியாயம் எதுவோ அதைப் பார்த்து ஆங்கிலத்தில் தீர்ப்பு கொடுப்பார். தீர்ப்பைக் கிளப் மதிக்காவிட்டால் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடும். அதற்குத்தான் கிளப்கள் பயப்படுகின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் பி.ஏ.டி. பிரிவு எழுதியிருந்தால் மட்டுமே அங்கே போக முடியும். அந்த வாசகம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது, ஒரு எழுத்து மாறாமல் ஒப்பந்தத்தில் ஒட்டச் சொல்லுங்கள். செலவு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் விசாரித்தபோது சிறு தொகைக்கே திரும்பி வராத கட்டணம் 1,500 யூரோ. அதற்கு மேல் நடுவர் செலவுக்கு முன்பணம், கிளப் தன் பங்கைக் கட்டாவிட்டால் அதையும் வழக்கு போட்டவரே கட்டி நகர்த்த வேண்டும். ஜெயித்தால் பெரும்பாலும் செலவு திரும்ப வரும். என் 6,800 யூரோவுக்கு அது பெரிய சுமைதான். ஆனாலும் அந்தப் பிரிவு இருந்திருந்தால் மேனேஜர் அந்த உறையோடு வந்திருக்கவே மாட்டார் என்று நம்புகிறேன்.

ஊர் ஊராகப் போகும் ஆட்டக்காரன் என்றதும் எல்லாரும் என்.பி.ஏ.வை நினைத்துக்கொள்கிறார்கள். இஷ் ஸ்மித் 13 அணிகளுக்கு ஆடினார், அங்கே அதுதான் சாதனை, 13வது அணியான டென்வரோடு 2023ல் கோப்பையும் வாங்கினார். ஆனால் அங்கே ஒருவரை வேறு அணிக்கு டிரேட் செய்தால், அதாவது மாற்றிக் கொடுத்தால், அவருடைய ஒப்பந்தமும் கூடவே போகும், புது அணி அதே சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். நாம் போகும் இடங்களில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு புதுத் தாள், ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பம்.

நான் மறுபடியும் போனேன். 2018ல் தாய்லாந்தில் ஒரு சீசன், அடுத்த வருடம் வளைகுடாவில் ஒன்று. இரண்டுக்கும் உரிமம் உள்ள ஏஜென்ட், வேலை விசா கையில் வந்த பிறகே டிக்கெட். வளைகுடா கிளப்பில் இரண்டாம் மாதச் சம்பளம் 16 நாள் தள்ளிப்போனது. பழையபடி வயிற்றைக் கலக்கியது. ஆனால் இந்தத் தடவை ஏஜென்ட் நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் போட்டார்: ஒப்பந்தத்தின் இந்தப் பிரிவு, இத்தனை நாள், அதன் பிறகு பி.ஏ.டி. ஒன்பதாம் நாள் பணம் வங்கியில் இருந்தது. அன்று ஏ.டி.எம். வாசலில் நின்று அந்தத் தொகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழங்கால் அந்த சீசனோடு சரி. இப்போது ஒரு பள்ளியில் பயிற்சி கொடுக்கிறேன்.

போன் செய்த பக்கத்துப் பையனின் ஒப்பந்தம் முந்தாநாள் வந்தது. ஐந்து பக்கம், முழுக்க ஆங்கிலத்தில். சம்பளம் சரி, வீடு சரி. மருத்துவப் பரிசோதனைக்கு நாள் வரையறை இல்லை, பி.ஏ.டி. பிரிவு இல்லை. இரண்டையும் சேர்க்கச் சொல்லி எழுதச் சொன்னேன், அவன் தயங்கினான். "அண்ணே, இதைக் கேட்டா வேற ஆளைப் பார்த்துக்குவாங்களோ?" என்றான். நான் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன், அவன் தன் பெயரில் அனுப்பியிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. டிக்கெட்டும் இன்னும் போடவில்லை. தினமும் சாயங்காலம் பள்ளி மைதானத்துக்கு வந்து இடது கை லே-அப் போட்டுக்கொண்டிருக்கிறான், நடுவில் ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பந்தை எடுக்கிறான்.